காசின் மதிப்பு எடையில் இல்லை

(விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாணயம் சேர்ப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். என் வீட்டில் நேர்ந்த ஓர் இழப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பாட்டியார் ஒரு மஞ்சள் துணியில் வெள்ளி ரூபாய்களை முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். அவர் மறைந்த பின், திருமணம் ஒன்றுக்காக அவை அனைத்தும் எடைக்கு எடை போடப்பட்டுக் குத்துவிளக்காக மாறின. மூன்று காசுகள் மட்டும் என் கைக்கு வந்தன. அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. அவற்றைப் புளியும் சாம்பலும் இட்டுப் பளபளவென்று தேய்த்து வைத்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் அவற்றைப் பார்த்த முதிய சேகரிப்பாளர் ஒருவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தம்பி, இதில் ஒன்று 1911ஆம் ஆண்டு ரூபாய். தேய்க்காமல் இருந்திருக்கலாமே" என்றார். அன்று தொடங்கியது என் கல்வி.

அந்த 1911ஆம் ஆண்டுக் காசின் கதை கேட்கத்தக்கது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் தொங்கும் சங்கிலியில் யானை உருவம் ஒன்று உண்டு. அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்தது. வெளிவராத காசுகள் பெரும்பாலும் உருக்கப்பட்டன. 1912இல் யானை திருத்தப்பட்டது. எனவே இரண்டு ரூபாய்க்கும் வெள்ளியின் எடை ஒன்றே, விலையோ ஒன்றன்று.

பழையது எல்லாம் அரியது என்று எண்ணுவது முதல் பிழை. விக்டோரியா அரசியாரின் 1862ஆம் ஆண்டு ரூபாயைப் பாருங்கள். அதே ஆண்டெண்ணை மாற்றாமல் பத்தாண்டுக்கு மேலும் அச்சிட்டார்கள். ஆதலால் அது வயதில் மூத்ததாயினும் எளிதில் கிடைக்கிறது. அதற்குப் பின் வந்த ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் ஆண்டு ரூபாயோ மிக அரிது. அதனாலேயே ஆண்டெண்ணைத் திருத்திய போலிகளும் சந்தையில் உலவுகின்றன. எத்தனை காசுகள் எஞ்சியுள்ளன, எந்த நிலையில் உள்ளன, எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் ஆகிய இம்மூன்றுமே விலையை நிர்ணயிக்கின்றன.

நாம் வாழும் கொங்கு மண் இத்துறையில் உலகறிந்த மண். நொய்யல் கரையிலுள்ள வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு ஒரு மண் கலயத்தில் 522 உரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதற்கு முன்பே, 1800ஆம் ஆண்டளவில் இப்பகுதியில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், பொள்ளாச்சிக்கு அருகில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள் ஒரு பானையில் கிடைத்த செய்தியைக் குறித்து வைத்தார். படியூரின் பச்சைக் கல்லையும், கொடுமணலில் செய்த மணிகளையும், மேற்கு மலையின் மிளகையும் நாடிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த வணிகத்தின் சுவடுகள் அவை.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளில் மாக்கோதை, கொல்லிப்பொறை முதலிய பெயர்கள் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் இத்தகைய காசுகளை வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். பெருவழுதி என்னும் பெயர் பொறித்த பாண்டியர் செப்புக் காசை 1980களில் அவர் வாசித்து வெளியிட்டபோது, சங்க கால மன்னர் தம் பெயரிலேயே காசு அடித்தனர் என்பதற்குச் சான்று கிடைத்தது. பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டால் அந்தச் செம்புக்கு என்ன கிடைத்திருக்கும்? வாசித்தவர் கண்ணே அதற்கு மதிப்பைத் தந்தது.

ஆகவே இளைஞர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: காசு வாங்குவதற்கு முன் அதைப் பற்றிய நூலை வாங்குங்கள். இரண்டாவது, ஒரு துறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்ப்பவர் கையில் குவியல் இருக்கும். ஒன்றை முழுமையாகச் சேர்ப்பவர் கையில் தொகுப்பு இருக்கும். 1957 ஏப்ரல் முதல் நாள் வந்த நயா பைசா வரிசையிலேயே தொடங்கலாம். ஆண்டெண்ணுக்குக் கீழே பாருங்கள்: வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், எக்குறியும் இல்லையேல் கொல்கத்தா. பிற்காலக் காசுகளில் புள்ளி இருந்தால் நொய்டா. செலவு குறைவு, பயிற்சி மிகுதி.

தாய்மார்களுக்கும் ஒரு செய்தி. நாம் பவுன் என்று சொல்லும் எட்டுக் கிராம், ஏறத்தாழ அதே எடையுள்ள ஆங்கிலப் பொற்காசிலிருந்து வந்த கணக்கு. அக்காசு 1918இல் மட்டும் பம்பாயிலும் அச்சிடப்பட்டது. பாட்டி காலத்துக் காசுமாலையில் குதிரை வீரன் உருவத்தின் கீழ், ஆண்டெண்ணுக்கு மேலே, 'ஐ' என்னும் சிறிய ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. உருக்கக் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாதுகாப்பு முறை எளிது. காசைத் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். காலம் படியவைத்த நிறமே அதன் நற்சான்று. விளிம்பைப் பிடித்து எடுங்கள். மெல்லிய பிவிசி உறைகளில் வைத்தால் நாளடைவில் பச்சைக் கசிவு படியும். அமிலம் இல்லாத காகித உறையே நன்று. ஒரு குறிப்பேட்டில் வாங்கிய நாள், இடம், விலை, எடை, விட்டம் ஆகியவற்றை எழுதுங்கள். 1940க்கு முந்தைய ரூபாய் 11.66 கிராம் எடையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கு மேல் வெள்ளியும் உடையது. 1940 முதல் வெள்ளி பாதியாயிற்று. 1947இல் நிக்கல் ஆயிற்று. நுட்பத் தராசும் காந்தமும் கையில் இருந்தால் பல போலிகள் அங்கேயே அகப்படும்.

"உங்கள் பழைய ஐந்து ரூபாய்க்கு இலட்சங்கள் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்னும் விளம்பரங்களை நம்பாதீர்கள். பழைய காசு வாங்கல் விற்றலில் தன் பெயரால் கட்டணம் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது.

இனி நம் அறத்தைத் தொடும் இடத்துக்கு வருகிறேன். நிலத்தை உழும்போதோ அடித்தளம் தோண்டும்போதோ புதையல் கிடைத்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யலாகாது. கள்ளாமை விரதத்துக்கு நம் ஆசாரியர்கள் வகுத்த குற்றங்களில் திருட்டுப் பொருளை ஏற்றல், அரசின் விதியை மீறல், போலியை நல்லதென விற்றல் ஆகியன உண்டு. காசு வணிகத்தில் இம்மூன்று குழிகளும் வழியிலேயே இருக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று சொல்ல இயலாத காசு எவ்வளவு அழகாயினும் நமக்கு வேண்டா.

"பொருளுக்கு அளவு வைப்பது இல்லறத்தார் விரதமாயிற்றே, சேர்ப்பது தகுமா?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நான் எனக்கு ஓர் எல்லை வைத்துள்ளேன்: ஒரே பெட்டி. புதியது ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போகும். விற்பதும் உண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் உண்டு. நெடுநாள் பொறுத்து, குறைவாகவும் சிறந்ததாகவும் சேர்த்தவருக்கே விலையும் ஏறியிருக்கிறது என்பதை அனுபவத்தில் கண்டேன். ஆனால் இதில் இலாபம் உறுதி என்று நான் கூற மாட்டேன். பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணத்தை இதில் போடாதீர்கள்.

புளியிட்டுத் தேய்த்த அந்த 1911ஆம் ஆண்டுக் காசு இன்றும் என் பெட்டியில் இருக்கிறது. சந்தையில் அதற்கு வெள்ளி விலைதான். அதை விற்க எண்ணியதில்லை. என் பேரனுக்கு முதலில் காட்டியது அதையே. இன்று வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்து முதியவர்களிடம் பழைய முடிச்சு ஏதும் உண்டா என்று கேளுங்கள். இருந்தால், அவிழ்த்த அன்றே அந்தக் காசுகளின் கதையையும் அவர்கள் வாயால் கேட்டு எழுதி வையுங்கள்.