சர்க்கரை போய்விட்டது என்று சொன்னேன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



2022-ல் இதே மேடையில் எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தீர்கள். "எனக்குச் சர்க்கரை வியாதி போய்விட்டது, மாத்திரையை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது" என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினீர்கள். அன்று நான் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு. 'போய்விட்டது' என்ற வார்த்தைதான் அது. அதைத் திருத்திக்கொள்ளவே இன்று செயலாளரிடம் நேரம் கேட்டு வாங்கினேன்.

2019-ல் எனக்கு 57 வயது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 8.4 வந்தது. எடை 79 கிலோ. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "எடையைக் குறையுங்கள்" என்றார். ராத்திரி சாதத்தை விட்டேன். சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று மூன்று தடவை பரிமாறிக்கொள்வது ஒன்றாயிற்று. காலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். எட்டு மாதத்தில் 11 கிலோ இறங்கியது. டாக்டரே மாத்திரையை நிறுத்தினார். அதற்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 6.1.

இந்த நிலைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ரெமிஷன். தமிழில் தணிவு எனலாம். 2021-ல் அமெரிக்க, ஐரோப்பிய, பிரிட்டிஷ் நிபுணர்கள் கூடி இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார்கள். சர்க்கரைக்கான மருந்தை எல்லாம் நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் ஆன பிறகும் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தால் அது ரெமிஷன். குணம் என்ற சொல்லை அவர்கள் ஏற்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். நம் பெரியவர்கள் நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான் இது.

ஏன் தணிகிறது, ஏன் திரும்புகிறது? இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராய் டெய்லர் இதை ஆராய்ந்தவர். ஈரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்புதான் இன்சுலினைக் கெடுக்கிறது, எடை இறங்கினால் அந்தக் கொழுப்பு கரைந்து கணையம் மறுபடி வேலை செய்யத் தொடங்குகிறது என்று காட்டினார். அவரும் மைக் லீன் என்பவரும் நடத்திய 'டைரக்ட்' ஆய்வு 2017-ல் வெளிவந்தது. வியாதி வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்ட, இன்சுலின் போட்டுக்கொள்ளாதவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். முதலில் மூன்று முதல் ஐந்து மாதம் தினம் சுமார் 850 கலோரி மட்டும். ஒரு வருஷ முடிவில் நூற்றுக்கு 46 பேருக்கு ரெமிஷன். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 பேருக்கு. இரண்டாம் வருஷம் 46 என்பது 36 ஆயிற்று. பிறகும் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 85 பேரில், ஐந்தாம் வருஷ முடிவில் ரெமிஷனில் இருந்தவர்கள் 11 பேர்தான். எடை திரும்பியது, வியாதியும் திரும்பியது.

என் கதையும் அதுதான். 2023-ல் பெண் கல்யாணம். சீர் பக்ஷணம் வீடு நிறைய இருந்தது. பிறகு முழங்கால் வலி, நடை நின்றது. எடை ஏழு கிலோ ஏறியது. "எனக்குத்தான் போய்விட்டதே" என்று ரத்தப் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை. 2024-ல் கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். 8.1 என்று வந்தது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது. அந்த ரிப்போர்ட்டை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் என்னைப் பார்த்து, "மாமா சர்க்கரையை ஜெயித்தவர்" என்றபோதெல்லாம் சிரித்துக்கொண்டு நின்றேன். நம் அங்கத்தினர் ஒருவருக்குப் பதினாறு வருஷமாகச் சர்க்கரை. என் பேச்சைக் கேட்டுவிட்டு, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். காலில் புண் வந்து ஆஸ்பத்திரியில் இருபது நாள் கிடந்தார். பார்க்கப் போனேன். "நீங்க சொன்னேளேன்னுதான் நிறுத்தினேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பகவத் கிருபையால் கால் பிழைத்தது. அவர் அனுமதி தந்ததால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

வருஷங்கள் ஆக ஆகக் கணையத்தின் சக்தி குறைந்துகொண்டே போகிறது. புதிதாக வந்தவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு, பதினாறு வருஷக்காரருக்கு அதே அளவு கிடைக்காது. இது எனக்கு அன்று தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி மேடையில் பேசினேன்.

ஆகவே மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் மனம் தளர வேண்டாம். தணிவு நிஜம், எனக்கே கிடைத்தது. எடையைக் குறைக்க முதல் சில வருஷங்களே நல்ல சமயம். இரண்டு, மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். மருந்து சாப்பிட்டுக்கொண்டே திடீரென்று பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடலாம். ஏகாதசி உபவாசம் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மூன்று, தணிந்த பிறகும் பரிசோதனையை விடாதீர்கள். ரத்தம் மட்டும் போதாது. விழித்திரை, சிறுநீரகம், பாதம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பழைய சர்க்கரை செய்துவிட்டுப் போன சேதம் பிறகும் தலைகாட்டலாம்.

திரும்பி வந்தால் வெட்கப்படாதீர்கள். இளைத்த உடம்பு பழைய எடைக்கே திரும்பப் பார்ப்பது அதன் சுபாவம். நான் வெட்கப்பட்டு ஒரு வருஷத்தை வீணாக்கினேன். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன், நடக்கிறேன். போன மாதம் 6.8. இந்தத் தடவை யாரும் கை தட்ட வேண்டாம். வீட்டுக்குப் போய், கடைசியாக எப்போது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம் என்று தேதியைப் பாருங்கள். அது போதும்.