கத்தரிக்காய் வறுவலும் நம் உடல்நலமும்

(தியாகதுருகத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இப்போது அடுப்படிக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். கத்தரிக்காய் வறுவல்! "இதுல பேச என்னங்க இருக்கு?" என்று சிலர் கேட்கலாம். நம் பக்கத்தில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கத்தரிக்காய் இல்லாத வீடு குறைவு. வதக்கல், காரக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு, மழை பெய்தால் பஜ்ஜி. அடிக்கடி சாப்பிடுகிற பொருளைப் பற்றித்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காயில் குற்றம் இல்லை

கத்தரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். 100 கிராம் காயில் சுமார் 25 கலோரி சக்தியே இருக்கிறது. நார்ச்சத்து சுமார் 3 கிராம். ரத்த அழுத்தம் கூடாமலிருக்க உதவும் பொட்டாசியமும் உண்டு. ஊதா நிறத் தோலில் நாசுனின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. இது உடலின் உயிரணுக்கள் பழுதாகாமல் காக்கும் வகையைச் சேர்ந்த சத்து. ஆகவே தோலைச் சீவி எறிய வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கத்தரிக்காயில் இரும்புச்சத்து மிகக் குறைவு. 100 கிராமில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. நமக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. கத்தரிக்காய் மட்டும் போதாது, கீரையும் பயறும் கூடவே வேண்டும்.

எண்ணெய் எங்கே போகிறது?

கத்தரிக்காய் பஞ்சு மாதிரி. சதைக்குள்ளே காற்று நிறைந்த சின்னச் சின்ன இடைவெளிகள். சட்டியில் போட்டதும் ஊற்றின எண்ணெயைக் காணோம்! அடிபிடிக்குமே என்று இன்னொரு கரண்டி ஊற்றுகிறோம். அதையும் குடித்துவிடும். காய் வெந்து சுருங்கும்போதுதான் குடித்ததில் கொஞ்சத்தை வெளியே விடும்.

துருக்கி நாட்டில் கத்தரிக்காயை எண்ணெயில் வேகவைத்து ஒரு பதார்த்தம் செய்கிறார்கள். அதன் பெயருக்கு 'இமாம் மயங்கி விழுந்தார்' என்று அர்த்தம். மனைவி எவ்வளவு எண்ணெய் செலவழித்தாள் என்று கேட்டு அவர் மயங்கினாராம்! கதைதான். ஆனால் எண்ணெய் விற்கிற விலையில் நமக்கும் மயக்கம் வரத்தான் செய்கிறது.

கணக்குப் போடுவோம். கால் கிலோ கத்தரிக்காயில் சுமார் 60 கலோரி. அதை வறுக்க 4 மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றினால், அந்த எண்ணெயில் மட்டும் ஏறக்குறைய 500 கலோரி. எட்டு இட்லி சாப்பிட்ட மாதிரி! ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதாவது சுமார் 2 மேசைக்கரண்டி. தாளிப்பு, தோசை, வறுவல் எல்லாம் சேர்த்துத்தான் இந்த அளவு.

சட்டியில் மிஞ்சுவது யாருக்கு?

இதுதான் முக்கியமான விஷயம், கவனமாகக் கேளுங்கள். வீட்டுக்காரர், பிள்ளைகள், மாமனார், மாமியார் எல்லோரும் சாப்பிட்ட பிறகு நாம் உட்காருகிறோம். காய் தீர்ந்துபோயிருக்கும். சட்டி அடியில் எண்ணெயும் மசாலாவும் நிற்கும். "வீணாப் போகுதே" என்று அதிலேயே சோற்றைப் போட்டுப் பிரட்டிச் சாப்பிடுகிறோம். ருசியாகத்தான் இருக்கும். ஆனால் காயின் சத்து மற்றவர்களுக்கு, எண்ணெய் நமக்கு என்று ஆகிவிடுகிறது.

2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. உடம்பு பெருத்திருக்கிறது, ரத்தமோ இல்லை! வயிறு நிறைந்தும் சத்து சேரவில்லை என்றுதான் இதற்குப் பொருள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வெளியே தெரியாமல் வளரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நம்மைப் போன்ற குழுப் பெண்களே தன்னார்வலராக வீட்டுக்கு வருகிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிடாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

காய்ந்த எண்ணெய் மறுபடி வேண்டாம்

பஜ்ஜி சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கெடுதலான பொருட்கள் சேரும். இதயத்துக்கும் ரத்தக்குழாய்க்கும் ஆகாது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை முதல் கடைகளுக்கு இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. கறுத்த, நுரைக்கிற எண்ணெயைக் கொட்டத்தான் வேண்டும். வீட்டில் ஒருமுறை பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் குழம்பு தாளிக்கப் பயன்படுத்தலாம். மறுபடி பொரிக்கக் கூடாது, புது எண்ணெயோடு கலக்கவும் கூடாது. உளுந்தூர்பேட்டை - சேலம் சாலையோரம் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் உறுப்பினர்களும் இதைக் கடைப்பிடித்தால் வாடிக்கையாளர் நம்பி வருவார்கள்.

ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி, உடலில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை. அதை மட்டுமே நம்பாமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றி அளவாகப் பயன்படுத்துங்கள்.

ருசி குறையாமல் செய்ய

1. நறுக்கின காயை இட்லித் தட்டில் வைத்து 5 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். பஞ்சு சுருங்கிவிடும். பிறகு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மிளகாய்த்தூள், பூண்டு போட்டுப் புரட்டினால் போதும்.

2. ஆவி கட்ட நேரமில்லையா? காயில் கொஞ்சம் உப்புத் தடவி 15 நிமிடம் வைத்து, விடும் தண்ணீரைப் பிழிந்துவிட்டு வதக்குங்கள். அதற்குமேல் உப்புச் சேர்க்க வேண்டாம்.

3. முழுக் காயைத் தணலில் சுட்டு, தோல் உரித்துத் துவையல் அல்லது கொத்சு செய்யலாம். தோல் போனாலும், எண்ணெய் தாளிப்புக்கு மட்டுமே.

4. எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

5. கூடவே முருங்கைக்கீரையோ, காராமணியோ வையுங்கள். எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது தடைபடும்.

கத்தரிக்காய் சாப்பிட்டால் அரிக்கும் என்பார்கள். எல்லோருக்கும் அப்படி இல்லை. சிலருக்கு உண்மையிலேயே ஒவ்வாமை உண்டு. வாய் அரிப்பு, தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கத்தரியில் காய்ப்புழுவுக்கு மருந்து அதிகம் அடிக்கிறார்கள். நறுக்குவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைத்தால் அந்தப் பயமும் இல்லை.

ஒரு மாதக் கணக்கு

குழுவில் ஐந்து ரூபாய்க்கும் கணக்கு எழுதுகிறவர்கள் நாம். இந்த மாதம் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினோம், வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். கூடுதலாகச் செலவாகியிருந்தால் ஒரு லிட்டராவது குறைக்கப் பார்ப்போம். மிச்சமாகும் காசில் முட்டையோ பயறோ வாங்குவோம். அதில் நமக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். சட்டியில் சோறு பிரட்டும் பழக்கத்தை இன்றோடு விடுவோம்.