டில்லிக்கும் சென்னைக்கும் இடையே

டில்லியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், நம்மில் பலர் இன்று "மூன்று மணி நேரம்" என்றே விடை கூறுகிறோம். தூரத்தைக் காலத்தால் அளப்பது நமக்குப் புதிய வழக்கமன்று. "நாழிகை வழி" என்ற அளவை நம் முன்னோரிடமே இருந்தது. ஆயினும் இந்த மூன்று மணிக் கணக்கை நாம் முழுவதும் நம்பிவிடலாமா?

இவ்விரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். போபால், நாகபுரி, விஜயவாடா வழியாகச் செல்லும் இருப்புப்பாதையோ ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதைக் கடக்க ஏறக்குறைய 33 மணி நேரம் ஆகிறது. ஜெட் விமானம் உயரே சென்றபின் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அக்கணக்குப்படி இரண்டேகால் மணியில் மீனம்பாக்கம் வந்துவிட வேண்டும். ஆனால் ஓடுபாதை வரை ஊர்வதற்கும், மேலே ஏறுவதற்கும், இறங்க முறை வரும் வரை காத்திருப்பதற்கும் சேர்த்தே கால அட்டவணை நேரம் குறிக்கிறது.

காற்றும் இக்கணக்கில் பங்கு கொள்கிறது. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா நிறுவனம் தன் டில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விடுத்துப் பசிபிக் வழியே செலுத்தியது. புதிய வழி சுமார் 15,300 கிலோமீட்டர். பழையதைவிட ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் அதிகம். எனினும் விமானம் பதினான்கரை மணியில், முன்னைவிடச் சுமார் இரண்டு மணி நேரம் குறைவாகவே, போய்ச் சேர்ந்தது. மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வானுயர்க் காற்று பின்னின்று தள்ளியதே அதற்குக் காரணம்.

சென்னை டில்லிக்குத் தெற்கே இருப்பதால் நமக்கு அக்காற்றின் துணை அதிகமில்லை. நம் பிரயாணத்தை நீட்டுவதும் குறுக்குவதும் பெரும்பாலும் தரையில் நிகழ்வனவே. ஊரில் தாயார் நோயுற்ற செய்தி கிடைத்து, ஒரு மார்கழி இரவில் நாம் விமான நிலையத்துக்கு விரைந்தோம். மூடுபனியில் ஐந்து மணி நேரம் கழிந்தது. அவ்விரவில் சென்னை நமக்கு மூன்று மணித் தூரத்தில் இல்லை.

1949-இல் தொடங்கிய இரவு விமான அஞ்சல் சேவையை இங்கே நினைவு கூரலாம். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்ட விமானங்கள் நள்ளிரவை ஒட்டி நாகபுரியில் கூடி, தபால்களையும் பிரயாணிகளையும் மாற்றிக்கொண்டு திரும்பின. அவ்விமானங்களுக்கு இன்றைய வேகம் கிடையாது. ஆயினும், இரவில் டில்லியை விட்டவர் காலையில் சென்னையை அடைந்தார். புறப்பட வேண்டிய பொழுதில் ஒரு வழி திறந்திருந்தது என்பதே அதன் பெருமை.

ஆகவே, வெளிமாநிலத்தில் வாழும் நாம் தூரத்தை வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்கிட வேண்டும். நகரத்தைக் கடக்கும் நேரம், விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம், சென்னையிலிருந்து சொந்த ஊர் சேரும் நேரம் ஆகிய யாவும் அதில் அடங்கும். அன்றைய கடைசி விமானம் எப்போது என்பதையும் அறிந்து வைத்திருப்பது நலம். முதியவர்களை விட்டு வந்திருப்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால், "அவசரமானால் மூன்று மணியில் வந்துவிடுவோம்" என்ற சொல்லை நம்பி ஊருக்குச் செல்வதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.