வலி மாத்திரையும் உறையாத இரத்தமும்



வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், மருந்துக் கடைக்குப் போய்வரும் பணி பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். "முழங்கால் வலிக்கிறது, ஒரு மாத்திரை வாங்கி வா, அப்பா" என்று காசைக் கொடுப்பார்கள். நீங்களும் ஓடிப்போய் வாங்கி வருவீர்கள். அவ்வாறு வாங்கி வந்த பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டை, என்னை ஆறு நாள் மருத்துவமனையில் படுக்க வைத்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன் கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். 34 ஆண்டுகள் பள்ளியில் நின்றவனுக்கு அது விடாத பழக்கம்.

என் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகத் துடிப்பதில்லை. அப்படித் துடிக்காத அறையில் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த சிறு கட்டி மூளைக்குச் சென்று அடைத்துக்கொண்டால் பக்கவாதம் வரும். அதைத் தடுக்க, நாள்தோறும் வார்ஃபரின் என்னும் மாத்திரையை உட்கொள்கிறேன். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டவர்களும், வாத சுரத்தால் வால்வு கெட்டு அறுவை செய்துகொண்ட இளைஞர்கள் பலரும் இதையோ இதன் இனத்தைச் சேர்ந்த வேறொன்றையோ உண்கிறார்கள். ஆகவே இது கிழவர்களின் கவலை மட்டும் அன்று. "இரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து" என்று மக்கள் சொல்லுவது சரியன்று. இரத்தம் நீர்ப்பதே இல்லை. உறைவதற்கு நேரம் கூடுகிறது, அவ்வளவே.

இந்த மருந்தின் பிறப்பு விந்தையானது. 1920ஆம் ஆண்டுகளில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதிகளிலும் மாடுகள் காரணம் தெரியாமல் இரத்தப் பெருக்கால் மாண்டன. சிறு காயம் பட்டால்கூட இரத்தம் நிற்கவில்லை. பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகளுக்கே இந்த நோய் வந்ததைக் கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில், கடும் பனிப்புயலில், விஸ்கான்ஸின் மாநிலத்து விவசாயி ஒருவர் இறந்த கிடாரியையும், பால் பாத்திரம் நிறைய உறையாத இரத்தத்தையும், அந்த வைக்கோலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மாடிசன் நகரத்துப் பல்கலைக் கழகத்தை அடைந்தார். அங்கே இரசாயன அறிஞர் கார்ல் பால் லிங்க் இருந்தார். வைக்கோலில் இருந்த நஞ்சைப் பிரித்தெடுக்க அவருடைய குழுவினருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. அதன் வழிவந்த பொருளே வார்ஃபரின். 1948இல் அது எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கும் மருந்தாக அனுமதி பெற்றது. எலியைக் கொல்லுவதும் மனிதனைக் காப்பதும் ஒரே பொருள்தான். வேறுபாடு அளவில் இருக்கிறது.

லிங்கின் ஆய்வில் நம் பேச்சுக்கு நேராகத் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. அந்த வைக்கோல் நஞ்சைச் சிதைத்துப் பார்த்தபோது ஸாலிஸிலிக் அமிலம் கிடைத்தது. ஆஸ்பிரினுக்குத் தாய்ப்பொருள் அதுவே அன்றோ? அப்படியானால் ஆஸ்பிரின் இனமும் இரத்தத்தின் உறையும் தன்மையைக் குறைக்குமோ என்று ஐயுற்று, எலிகளுக்கு ஸாலிஸிலிக் அமிலத்தைக் கொடுத்துச் சோதித்தார்கள். குறைக்கத்தான் செய்தது. 1943ஆம் ஆண்டிலேயே அந்த முடிவு வெளிவந்துவிட்டது.

வார்ஃபரின் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். உறைவுக்கு வேண்டிய புரதங்கள் நான்கினை நம் ஈரல் வைட்டமின் கே என்னும் சத்தின் துணையால் முழுமையாக்குகிறது. ஒரு முறை பயன்பட்ட வைட்டமின் கே, புதுப்பிக்கப்பட்டால்தான் மறுபடியும் பயன்படும். அந்தப் புதுப்பிக்கும் வேலையை வார்ஃபரின் தடுக்கிறது. எவ்வளவு தடுத்திருக்கிறது என்பதை இரத்தம் எடுத்துச் சோதித்து ஓர் எண்ணால் குறிப்பார்கள். ஐ.என்.ஆர். என்பது அதன் பெயர். மருந்து உண்ணாதவருக்கு அது ஏறத்தாழ 1. என்னைப் போன்றோருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் அடைப்பு வரும், கூடினால் இரத்தப் பெருக்கு வரும். கயிற்றின் மேல் நடப்பது போன்ற வாழ்க்கைதான்.

இனி என் கதைக்கு வருகிறேன். ஒரு மழைக்காலத்தில் முழங்கால் வலி பொறுக்க முடியவில்லை. பத்தாம் வகுப்பில் படிக்கும் என் பேரனைக் கடைக்கு அனுப்பினேன். அவன் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி வந்தான். நாளைக்கு இரண்டு வீதம் சாப்பிட்டேன்; வலி பறந்தது. நான்காம் நாள் மலம் தார் போலக் கறுத்துப் போயிற்று. நேற்றுத் தின்ற கீரையாய் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் காலை கட்டிலை விட்டு எழுந்தவன் அப்படியே சரிந்தேன்.

மருத்துவமனையில் இரத்தச் சோதனை செய்தார்கள். எண் 2.6. சரியான அளவு! மருத்துவர் யோசித்துவிட்டு, "ஐயா, வேறு மருந்து ஏதாவது சாப்பிட்டீர்களா?" என்றார். "ஒன்றுமில்லை" என்றேன். பொய் சொல்லவில்லை, வலி மாத்திரையை மருந்து என்றே நான் எண்ணியதில்லை. கதவோரம் நின்ற பேரன்தான், "தாத்தா, முழங்கால் மாத்திரை?" என்றான். வயிற்றுப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு புட்டி இரத்தம் ஏற்றினார்கள்.

எண் சரியாக இருக்கையில் இரத்தம் எப்படிக் கசிந்தது? இந்த இடத்தை மாணவர்கள் ஊன்றிக் கேட்க வேண்டும். இரத்தம் உறைய உறைவுப் புரதங்கள் மட்டும் போதா. காயத்தில் முதலில் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் இரத்தத் தட்டுக்களும் வேண்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை அந்தத் தட்டுக்களை மந்தமாக்குகின்றன. அதோடு, வயிற்றின் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் வழவழப்பான போர்வையையும் மெலியச் செய்கின்றன. ஆனால் ஐ.என்.ஆர். சோதனையோ, தட்டுக்களை ஒதுக்கிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் செய்யப்படுவது. தட்டுக்கள் சோர்ந்து கிடப்பது அதில் எப்படித் தெரியும்? ஆஸ்பிரினிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. அது தொட்ட தட்டு, தன் வாழ்நாளாகிய பத்து நாள் வரையில் மீளாது. தட்டுக்கு உட்கரு இல்லாமையால், கெட்ட நொதிக்குப் பதிலாகப் புதியதை அதனால் செய்துகொள்ள இயலவில்லை.

எண்ணையே ஏற்றிவிடும் வலி மருந்துகளும் உள்ளன. 1950களில் மூட்டு வலிக்குப் பெரிதும் வழங்கப்பட்ட ஃபினைல்பூட்டஸோன், வார்ஃபரினை ஈரல் சிதைத்து வெளியேற்றும் வேகத்தைக் குறைத்துவிட்டது. உண்ட அளவு அதேதான். உடலில் தங்கிய அளவோ பெருகிற்று. அந்த மருந்து இன்று மனிதருக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவதில்லை. பாரசெட்டமால் வயிற்றைப் புண்ணாக்காது, தட்டுக்களையும் பெரிதாகத் தொடாது. எனவே எனக்கு மருத்துவர் அனுமதித்தது அது ஒன்றைத்தான். என்றாலும் அதையும் நாளைக்கு நான்கு ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை என்ற கணக்கில் பல நாள் தொடர்ந்து தின்றால் எண் ஏறக்கூடும். அது சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் வைட்டமின் கே புதுப்பிக்கப்படும் இடத்திலேயே குறுக்கிடுவதாக ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். "தொடர்ந்து சாப்பிட நேர்ந்தால் சொல்லுங்கள், சோதனையை முன்னதாகவே வைத்துக்கொள்ளலாம்" என்றார் மருத்துவர்.

தைலமும் இதற்கு விலக்கு அன்று. நம் வீடுகளில் வலிக்குத் தேய்க்கும் தைலங்கள் பலவற்றில் வின்டர்கிரீன் எண்ணெய் இருக்கிறது. நீலகிரியில் வளரும் ஒரு செடியிலிருந்தும் அதை வடிப்பதுண்டு. அதன் சாரம் ஸாலிஸிலிக் அமிலத்தின் உறவுதான். அதை மிகுதியாகத் தேய்த்துக்கொண்ட வார்ஃபரின் நோயாளிகளுக்கு எண் எகிறிய நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தோலுக்கு மேல்தானே என்று நானும் எண்ணியிருந்தேன்.

இதைக் கேட்டுவிட்டு யாரும் பாட்டியின் மாத்திரைப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்து எறிந்துவிட வேண்டாம். சிலருக்கு வார்ஃபரினோடு சிற்றளவு ஆஸ்பிரினையும் மருத்துவரே தெரிந்து கொடுப்பதுண்டு. வார்ஃபரினைத் தானாக நிறுத்துவதோ, வலி மாத்திரையைவிடப் பெரிய ஆபத்து. அண்மைக் காலத்தில் வந்துள்ள, ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புது மருந்துகளை உண்பவர்க்கும் வலி மாத்திரையின் தொல்லை நீங்கிவிடவில்லை. வயிறும் தட்டுக்களும் அவர்களுக்கும் அவையேதாம்.

என் பேரன் இப்போது கடைக்குப் போகும்போது என் மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு போகிறான். சென்ற மாதம் எனக்குச் சளி பிடித்திருந்தது. மாத்திரை வாங்கப் போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்தான். "அட்டையின் பின்புறம் படித்தேன், தாத்தா. சளி மாத்திரை என்கிறார்கள், உள்ளே ஐபுப்ரோஃபெனும் சேர்ந்திருக்கிறது" என்றான். மிளகு இரசம் வைத்துக் கொடுத்தார்கள். அன்று அதோடு படுத்துக்கொண்டேன்.