நோய் தீர்ப்பதும் கூட்டு உழைப்பே!

(மில் தொழிலாளரும், விவசாயத் தொழிலாளரும், ஆஸ்பத்திரி ஊழியரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மில்லிலிருந்து ஒரு கோன் நூல் வெளியே வர எத்தனை பேர் கை பட வேண்டும்? ப்ளோரூமில் பஞ்சு போடுகிறவர், கார்டிங் பார்க்கிறவர், ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை ஒட்டுகிறவர், கோன் சுற்றுகிறவர் - இவர்களில் ஒருவர் கை ஓய்ந்தாலும் அடுத்தவர் வேலை தடைப்படும். வயலிலும் அப்படித்தான். நாற்றுப் பறிப்பவரும் கட்டுச் சுமப்பவரும் இல்லாமல் நடவு ஏது?

ஆனால் ஆஸ்பத்திரி என்றதும் நம் எண்ணம் மாறிவிடுகிறது. "கைராசிக்கார டாக்டர்" என்கிறோம். குணமானால் டாக்டரின் கைராசி. குணமாகாவிட்டால் நம் தலையெழுத்து! இது சரியல்ல தோழர்களே. நோய் தீர்ப்பதும் கூட்டு உழைப்பே. அந்தக் கூட்டில் நோயாளிக்கும் இடம் உண்டு. நம் சென்னையிலேயே இது நிரூபிக்கப்பட்டிருக்கிறது.

சென்னை காட்டிய வழி

உழைப்பாளி மக்களை வாட்டும் நோய்களில் முதன்மையானது க்ஷயரோகம் என்னும் காசநோய். காற்றில்லாத குடிசையிலும், நெருக்கடியான விடுதியிலும், அரைவயிற்றுச் சாப்பாட்டிலும் வளர்கிற நோய் அது. அதற்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் சானடோரியத்தில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் படுத்திருப்பதும், நல்ல காற்றும் நல்ல உணவுமே சிகிச்சை. 1928 இல் தாம்பரத்தில் அப்படியொரு சானடோரியம் தொடங்கப்பட்டது. இன்றும் அங்குள்ள ரயில் நிலையத்துக்கு அதுதான் பெயர். ஆனால் நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ சொற்பம். ஏழைக்கு அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

பிறகு மருந்துகள் வந்தன. 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை ராஜ்ய சர்க்கார், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்திய ஏற்பாடு அது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் தலைமையில் அவர்கள் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: மருந்தைக் கொடுத்து ஏழை நோயாளியை அவன் வீட்டிலேயே குணப்படுத்த முடியுமா?

சென்னை நகரின் ஏழை மக்களிலிருந்து 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வீட்டிலேயே சிகிச்சை. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு காலம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு.

முடிவு 1959 இல் வெளியாயிற்று. வீட்டுச் சிகிச்சையில் குணமானவர்கள் சானடோரியத்தில் குணமானவர்களுக்கு ஏறக்குறையச் சமமாக இருந்தார்கள். வீட்டில் வைத்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை என்று தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே இந்த முடிவு மாற்றியது.

மருந்து தானாக வேலை செய்யவில்லை

இதிலே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்றைய மருந்துகளில் ஒன்று வயிற்றைப் புரட்டும். கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடவே மனசு சொல்லும். அதைத் தினந்தோறும் ஓராண்டு சாப்பிட வைத்தது யார்? ஹெல்த் விசிட்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீடு தேடிப் போனார்கள். மீதி மருந்தை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதிக்கக் கொண்டுவந்தார்கள். சமூக ஊழியர்கள் குடும்பக் கஷ்டத்தைக் கேட்டார்கள். லேபில் இருந்தவர்கள் மாதந்தோறும் சளியைச் சோதித்தார்கள். டாக்டர் இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து முடிவு செய்தார். தினமும் மருந்தை விழுங்கும் வேலையை நோயாளி செய்தார். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டிருந்தாலும் பலன் கிடைத்திருக்காது.

இன்று மருந்துகள் மேம்பட்டுவிட்டன. சாதாரணக் காசநோய் ஆறு மாதத்தில் குணமாகும். மருந்து இலவசம். ஆனாலும் 2023 இல் இந்தியாவில் இந்த நோயால் மாண்டவர்கள் 3 லட்சத்துக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மருந்து இருந்தும் ஏன் சாகிறார்கள்?

ஒரு விவசாயக் கூலிப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சளி கொடுக்க ஒரு நாள், ரிசல்ட் கேட்க ஒரு நாள், மாத்திரை வாங்க ஒரு நாள் என்று அலைய விட்டால் மூன்று நாள் கூலி போயிற்று. மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் சிவந்து போகும். அது மருந்தின் நிறம்தான், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லாவிட்டால் ரத்தம் போகிறதென்று பயந்து நிறுத்திவிடுவாள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், குணமாயிற்று என்று களையெடுக்கப் போய்விடுவாள். விட்டுப்போய்த் திரும்பி வருகிறபோது, "இத்தனை நாள் எங்கே போனே?" என்று நாலு பேர் எதிரில் அதட்டினால், அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டாள். அரைகுறையாகச் சாப்பிட்ட மருந்துக்குக் கிருமி பழகிவிடும். பிறகு அந்த மருந்து அவளுக்கும் கேட்காது, அவளிடமிருந்து தொற்றியவருக்கும் கேட்காது.

நோயாளியை மையமாக வைத்துச் சிகிச்சை செய்வது என்றால் இதுதான் அர்த்தம். அவள் கூலி, அவள் பயம், அவள் நேரம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கூட்டம் நெரியும் ஆஸ்பத்திரியில் இது முடியுமா என்று கேட்கலாம். முடியும். 2022 இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்திலேயே நேருகிறது. ஆகவே நோய் தெரிந்தவுடனே ஊழியர்கள் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? காலில் வீக்கம் உண்டா? நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமா? பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா? இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நிலைமை மோசம் என்றால் டாக்டரிடம் காட்டி உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். நர்சின் கண்ணும் டாக்டரின் அறிவும் சேர்ந்து வேலை செய்தால் வரிசையில் நின்றபடியே சாகும் நிலை மாறும்.

யாரோடு நமக்குச் சண்டை?

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு நர்ஸ் மூன்று பேர் வேலையைச் செய்கிற இடத்தில் அன்பான பேச்சு எங்கிருந்து வரும்? காசநோய்த் திட்டத்தின் ஊழியர்களில் மிகப் பலர் ஒப்பந்தக்காரர்கள். வேலை நிரந்தரமில்லாதவர் நோயாளியின் வீட்டை எத்தனை நாள் தேடிப் போவார்? வரிசை நீண்டால் கவுண்டரில் இருப்பவரோடு சண்டை போடுகிறோம். அவரும் நம்மைப்போல் உழைப்பாளிதான். காலியிடத்தை நிரப்பாதவர்களிடம் அல்லவா நியாயம் கேட்க வேண்டும்!

மில் தொழிலாளருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. சாதாரண நோய்க்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்க்கு, இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, 80 சதவீதச் சம்பளம் இரண்டு வருஷம் வரை நீளும். இது தெரியாமல் வேலையை விட்டு ஊருக்குப் போகிறவர்கள் உண்டு. சங்கம் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். விவசாயத் தொழிலாளருக்கோ ஈ.எஸ்.ஐ. கிடையாது. சத்துணவுக்கென்று 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயும் அறிவித்தார்கள். போன கூலிக்கு அது ஈடாகுமா? சிகிச்சைக் காலம் முழுவதும் கூலிக்கு ஈடு வேண்டும் என்பது நம் கோரிக்கையாக எழ வேண்டும். அதோடு, ஆஸ்பத்திரிக் காலியிடங்களை நிரந்தர ஊழியரைக் கொண்டு நிரப்பச் சொல்லும் கோரிக்கையை ஊழியர் சங்கத்தோடு சேர்ந்து நாமும் எழுப்ப வேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு தோழர்கள் பொறுப்பேற்கட்டும். மருந்து சாப்பிடுகிற தோழரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போகட்டும். அவரை வேலையிலிருந்து நிறுத்தவோ, விடுதியிலிருந்து விரட்டவோ யாரும் முனைந்தால் சங்கம் குறுக்கே நிற்கட்டும்.

நாளை ஷிப்டில், பக்கத்து மிஷினில் இருமுகிறவரிடம் கேளுங்கள்: "எத்தனை நாளாக இந்த இருமல்?" இரண்டு வாரம் தாண்டியது என்றால், "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். நீங்களும் கூடப் போங்கள்.