பென் டிரைவ் பாடாவிட்டால்

காரில் பென் டிரைவைச் செருகுகிறோம். திரையில் 'ரீடிங்' என்று வருகிறது. சற்று நேரத்தில் 'நோ ஃபைல்' என்கிறது. உடனே பென் டிரைவ் போச்சு என்கிறோம். இல்லாவிட்டால் ஸ்டீரியோ போச்சு என்கிறோம். பல நேரங்களில் இரண்டுமே போயிருக்காது. கம்ப்யூட்டரில் பாடுகிறதே என்று கேட்கலாம். பாடும். பென் டிரைவ் பழுதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வேறொரு பென் டிரைவ் அதே காரில் பாடினால், ஸ்டீரியோவும் பழுதில்லை. அப்படியானால் கோளாறு எங்கே? ஃபார்மட்டில், அதாவது கோப்புகளை எழுதி வைத்திருக்கும் முறையில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டியிடம் இந்திக் கடிதத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? காகிதத்தில் குற்றமில்லை, பாட்டியின் கண்ணிலும் குற்றமில்லை. எழுத்துதான் வேறு.

கம்ப்யூட்டருக்குப் பல எழுத்து தெரியும். பல கார் ஸ்டீரியோக்களுக்கு ஃபேட் 32 என்ற ஒன்றுதான் நன்றாகத் தெரியும். 64 ஜிபி, அதற்கு மேற்பட்ட பென் டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வருகின்றன. பெரியது வாங்கினால் நல்லதுதானே என்று தோன்றும். பாட்டுக்கு 32 ஜிபியே தாராளம். அதை ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபார்மட் செய்தால் பாட்டெல்லாம் அழிந்துவிடுமே? அழியும். அதனால் முதலில் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துவிடுங்கள். பாட்டுகளும் எம்பி3 ஆக இருக்கட்டும். கடைக்கு ஓடும் முன், ஃபார்மட்டைப் பாருங்கள்.