மழை பெய்திருந்தால்?

விடியுமுன் நெற்றி விளக்கோடு பால் வெட்டப் போனவர்களைவிட வானத்தை அதிகம் பார்த்தவர் யார்? நம் நெகிரி செம்பிலானில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. பெரட்டுக்குப் போகையில் தலைக்கு மேலே அதே நட்சத்திரங்கள்தாம். காற்று அலைவதால் அவை மினுக்குகின்றன.

ஆனால் ஒரு நட்சத்திரம் வேறு காரணத்தால் மங்கியது. 1977 மார்ச் 10 இரவு, நள்ளிரவுக்குப் பின். தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம். யுரேனஸ் கிரகம் அந்த நட்சத்திரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஒளிமானி பொருத்தியிருந்தார்கள். மங்கில் பால் சொட்டுவதுபோல் ஒளியும் துகள்துகளாகவே வருகிறது. அது பட்டதும் கருவிக்குள் எலக்ட்ரான்கள் கிளம்பி, மின்னோட்டமாகிக் கோடு வரையும்.

கிரகம் மறைக்காமலே கோடு சில விநாடிகள் சரிந்தது! பட்டாச்சார்யாவும் குப்புசாமியும், யுரேனசுக்குப் புதிய துணைக்கோள் என்று எழுதினார்கள். அது பிழை. அதே இரவில் இந்தியப் பெருங்கடல்மேல் விமானத்திலிருந்து பார்த்த அமெரிக்கர்களுக்கு, கிரகத்தின் இருபுறமும் பலமுறை ஒளி மங்கியது. அவை வளையங்கள், இன்று 13 தெரியும். காவலூர்க் கோடு மட்டும் பொய் சொல்லவில்லை.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்தான்: “சார், அன்னைக்கு மழை பெய்திருந்தா?”

“கோடு கிடைத்திருக்காது” என்றோம்.

மழையால் வெட்டு நின்று, அப்பா வீட்டில் உட்கார்ந்திருந்த நாள்களை அறிந்தவன் அவன். மேலே கேட்கவில்லை.